நேக்கதம் பறந்த முக்கால் மணி நேரம்

ஹோரோக்கில் விடிந்ததும் வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இன்னைக்கு பிளேன் வருமா?" கேட்டுக்கொண்டே வடக்கே ருஷான் மலைகளைப் பார்ப்பார்கள். அங்கே வெளுப்பாக ஏதாவது தொங்கினால் வாசல்வரை கொண்டுவந்த பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்துவிடுவார்கள். எங்கள் ஊரிலிருந்து தலைநகர் துஷான்பேவுக்குச் சாலை வழியாக அறுநூறு கிலோமீட்டர். வழி நன்றாக இருந்தால் பதினாறு மணி நேரம். பனிச்சரிவோ மண்சரிவோ குறுக்கே விழுந்துவிட்டால் கணக்கே கிடையாது. வானத்தில் அந்தத் தூரம் பாதிகூட வராது. விமானம் முக்கால் மணி நேரத்தில் போய்விடும். போனால்தான்.

இந்தப் பதினாறு மணி நேரத்தை வைத்துத்தான் என் அக்கா கணவர் நேக்கதம் பிழைத்தார். இருபது வருடங்களுக்கும் மேலாக அந்தச் சாலையில் ஜீப் ஓட்டியவர். ஒருபக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பாஞ்சு ஆறு, ஆற்றுக்கு அக்கரையில் ஆப்கானிஸ்தான். நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். எதிரே லாரி வந்தால் யார் பின்னால் போவது என்று டிரைவர்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள்.

அவர் பிறந்தது ருஷானுக்குக் கீழே ஆற்றோரத்துச் சின்ன ஊரில். பட்டாளத்தில் லாரி ஓட்டக் கற்றார். உள்நாட்டுப் போர் நடந்தபோது துஷான்பே சாலை அடைபட்டு எங்கள் மலைநாடு பட்டினி கிடந்தது. மறுபக்கம் கிர்கிஸ் நாட்டு ஓஷ் நகரத்திலிருந்துதான் மாவு மூட்டைகள் வர வேண்டும். மூச்சு முட்டுகிற கணவாய்கள் வழியாக அந்த மாவைக் கொண்டுவந்த டிரைவர்களில் இவர் ஒருவர். ஒருமுறை கணவாய் உச்சியில் இன்ஜின் உறைந்துபோனது. மாற்றுச் சக்கரத்தை இன்ஜினுக்கு அடியில் போட்டுக் கொளுத்தி, அந்தக் கரும்புகையில் உட்கார்ந்திருந்து, வண்டியை உயிர்ப்பித்துக் கொண்டுவந்தார். ஊருக்கு வந்து சேர்ந்தபோது முகத்தில் பல் மட்டும்தான் வெள்ளையாக இருந்ததாம். அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டுத்தான் அக்கா ஓதினாமோ கல்யாணத்துக்குத் தலையாட்டினாள் என்று எங்கள் வீட்டில் கேலி செய்வோம்.

"ரொட்டிக்காக இல்லடி. அந்தப் பல்லுக்காக," என்பாள் அக்கா.

இப்படிப்பட்ட மனிதருக்கு விமானம் என்றால் ஆகாது. அதற்குக் காரணமும் இருந்தது. ஸ்டாண்டில் ஜீப் நிரம்பி, மூட்டையெல்லாம் மேலே கட்டி முடித்து, அவர் ஏறி உட்காரும் நேரத்தில் வடக்கே ஒரு உறுமல் கேட்கும். உடனே வண்டிக்குள் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். முதலில் ஒரு அம்மா மெல்ல இறங்குவாள். அப்புறம் எல்லோரும் கயிற்றை அவிழ்த்து மூட்டையை இழுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடுவார்கள்.

"போங்க, போங்க!" என்று பின்னாலிருந்து கத்துவார் நேக்கதம். "மேல டீக்கடை இருக்கான்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க! நடுவுல ஒண்ணுக்குப் போகணும்னா நிறுத்துவானான்னும் கேட்டுக்குங்க!"

பாதிப் பேருக்கு இடம் கிடைக்காமல் அசட்டுச் சிரிப்போடு திரும்பி வருவார்கள். அவர் மறுபடி மூட்டைகளை மேலே கட்டுவார். கட்டி முடித்த பிறகு, "டீ குடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்பார்.

நான் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதனால் அக்காவின் மூச்சை முதலில் கவனித்தது நான்தான். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதயத்தில் ஒரு வால்வைத் தடித்துப் போகச் செய்திருந்தது. அது வருடத்துக்கு வருடம் சுருங்கி, அந்தக் குளிர்காலத்தில் அவளைப் படுக்கவே விடாமல் செய்துவிட்டது. படுத்தால் நுரையீரலில் நீர் ஏறும். சுவரில் தலையணை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்கினாள். எங்கள் டாக்டர் நேக்கதமை வெளியே அழைத்துச் சொன்னார்: இங்கே ஒன்றும் செய்ய முடியாது, துஷான்பேயில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், கோடைவரை காத்திருக்கக் கூடாது.

"நாளைக்குக் காலையில வண்டி எடுக்கறேன்," என்றார் அவர்.

"அந்தக் குலுக்கல்ல பதினாறு மணி நேரம் தாங்க மாட்டாங்க நேக்கதம். அதோட ரோடு எங்க இருக்கு? வாஞ்சுக்கு அந்தப்பக்கம் பனி சரிஞ்சு கிடக்குதே. தோண்டவே ஒரு வாரம் ஆகும்."

சாலை அடைபட்ட செய்தியை டாக்டரிடம் கொண்டுவந்ததே நேக்கதம்தான். மலையை அங்குலம் அங்குலமாகத் தெரிந்த மனிதர், அன்றைக்கு அந்த மலையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, "அந்த தகரத்துக்கு டிக்கெட் எங்க குடுக்கறான், சவ்சன்?" என்றார்.

டிக்கெட் முன்கூட்டிக் கொடுக்க மாட்டார்கள். துஷான்பேயிலிருந்து விமானம் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்தால்தான் ஜன்னலைத் திறப்பார்கள். மார்ச் மாதத்து வானம். மூன்று நாள் விமான நிலைய வராந்தாவில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தோம். அக்காவைக் கம்பளியில் சுற்றி வைத்திருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து நான் கொண்டுவந்த ரப்பர் ஆக்ஸிஜன் தலையணை அவள் மடியில் இருந்தது. ஊர்க்காரர்கள் வருவதும், அவள் கையை எடுத்து முத்தமிட்டு "யா அலி மதத்" என்று அலியின் துணை வேண்டுவதும், வானத்தைப் பார்த்துவிட்டுப் போவதுமாக இருந்தார்கள். நாலாம் நாள் வெயில் அடித்தது. உறுமல் கேட்டது. இந்தமுறை அதைக் கேட்டு முதலில் எழுந்தவர் நேக்கதம்.

பதினைந்து பேருக்குமேல் கொள்ளாத சின்ன விமானம். ஏறுகிற படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன அத்தான், ஏறுங்க," என்றேன்.

"இதுக்குக் கதவு இவ்வளவு மெல்லிசா இருக்கே. என் ஜீப்பு கதவு இதவிட கனம்."

"கனமா இருந்தா எப்படிப் பறக்கும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

மூச்சு வாங்குகிற நிலையிலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "ஏங்க, பயமா இருந்தா என் கையைப் பிடிச்சுக்குங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"பயமா? யாருக்கு?" என்றார். ஆனால் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஓடுதளம் ஆற்றை ஒட்டியது. விமானம் குலுங்கி ஓடி எழும்பியபோது அவர் கண்ணை மூடியிருந்தார். திறந்தபோது ஊரே காலுக்குக் கீழே ஒரு கம்பளத்தின் ஓரம் மாதிரிக் கிடந்தது. விமானம் ஆற்றுப் பள்ளத்தாக்கிலேயே வடக்கு நோக்கி ஏறியது. வெளியூர்க்காரர்கள் விமானம் என்றால் மலைக்குமேல் போவதாக நினைக்கிறார்கள். எங்கள் விமானத்துக்கு அவ்வளவு உயரம் ஏறத் தெம்பு கிடையாது. மலைகளுக்கு நடுவேதான் போகும். இரண்டு பக்கமும் பாறை நம்மைவிட உயரமாக நிற்கும். கண்ணாடியை உடைத்துக் கையை நீட்டினால் பனியை அள்ளிவிடலாம் போலிருக்கும். ருஷானுக்கு மேலே இரண்டு சிகரங்களுக்கு இடையில் ஒரு இடைவெளி உண்டு. விமானிகள் அதை ஜன்னல் என்பார்கள். அந்த ஜன்னல் திறந்திருந்தால் துஷான்பே. மூடியிருந்தால் வீடு.

அன்றைக்கு மூடியிருந்தது. கால் மணி நேரம்கூடப் பறந்திருக்க மாட்டோம். முன்னால் வானம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் எழுந்து நின்றது. விமானம் அதை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. நேக்கதமின் வலது கால் தரையை அழுத்துவதைப் பார்த்தேன். பிரேக் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது விமானம் இடதுபக்கமாகச் சாய்ந்தது. அப்படியொரு சாய்வு அதுவரை எனக்குத் தெரியாது. வலது ஜன்னல்களில் வெறும் வானம். இடது ஜன்னல்களில் வெறும் பாறை. பாறையில் தொங்கிய பனிக்குச்சிகள் தெரிந்தன. ஒரு மடிப்பில் நின்ற காட்டாடு தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. அதன் கொம்பில் இருந்த வளையங்கள்வரை கண்ணுக்குத் தெரிந்தன. யாரோ வீறிட்டார்கள், யாரோ வாய்விட்டுத் தொழுதார்கள். பாறை எங்களைச் சுற்றி ஒரு சக்கரம்போல் உருண்டு, மெல்ல விலகி, பின்னால் போனது. நிமிர்ந்தபோது ஆறு மறுபடி கீழே இருந்தது. ஆனால் இப்போது அது எங்களுக்கு எதிரே ஓடி வந்துகொண்டிருந்தது. திரும்பியிருந்தோம்.

அக்காவுக்கு ஆக்ஸிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த நான் நேக்கதமைப் பார்த்தேன். பயந்து வெளுத்திருப்பார் என்று நினைத்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, விமானியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கத்துத் திரை விலகியிருந்ததால் அது தெரிந்தது.

"சவ்சன்," என்றார் மெதுவாக. "திருப்பிட்டான் பாரு. இந்த இடத்துல. திருப்பிட்டான்."

ஹோரோக்கில் இறங்கியதும் மற்றவர்கள் மூட்டையைத் தேடினார்கள். அவர் நேராக விமானியிடம் போனார். விமானியின் பெயர் கமோலிதின், நரைத்த மீசை, சமவெளிக்காரர். படியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நேக்கதம் குனிந்து அவர் கையை முத்தமிட்டார். விமானி பதறி எழுந்துவிட்டார்.

"என்னண்ணே இது! நான் உங்கள துஷான்பேவுக்குக்கூடக் கொண்டுபோய் விடலையே."

"நான் டிரைவருங்க. இந்தக் கீழ் ரோட்டுல இருபது வருஷமா ஓட்டறேன். எப்படிங்க திருப்புனீங்க? இடமே இல்லியே."

"நீங்க எப்படித் திருப்புவீங்க?"

"முதல்ல நிறுத்துவேன். அப்புறம் ரிவர்ஸ் எடுப்பேன். ஒருத்தன இறக்கிவிட்டுப் பின்னால கல்லு போடச் சொல்லுவேன்."

விமானி சிரித்தார். "எனக்கு நிறுத்தவும் முடியாது, ரிவர்ஸும் கிடையாது. கல்லு போட ஆளும் இல்ல. அதனால எந்த இடம்வரைக்கும் போனா திரும்பலாம்னு கிளம்பறதுக்கு முந்தியே முடிவு பண்ணிக்குவேன். அந்த இடம் வந்தா திரும்பிடணும். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போமேங்கற பேச்சே கிடையாது."

"எனக்கும் அந்த 'இன்னும் கொஞ்சம்' உண்டுங்க. பலதடவை போயிருக்கேன்."

"நீங்க உயிரோட இருக்கீங்கன்னா ரோடு உங்க மேல பிரியமா இருக்குன்னு அர்த்தம். எங்களுக்கு அந்தச் சலுகை இல்ல."

நேக்கதம் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஸ்டாண்டுக்குச் செய்தி எங்களுக்கு முன்பே போயிருந்தது. அவருடைய பழைய சகா மிர்சோ வண்டிக்கடியிலிருந்து தலையை நீட்டி, "என்ன நேக்கதம், மேல டீக்கடை இருந்துச்சா?" என்று கத்தினான். ஸ்டாண்டே சிரித்தது. அவர் கோபப்படவில்லை. "இருந்துச்சு. கூட்டம் ஜாஸ்தி, திரும்பி வந்துட்டோம்," என்றார்.

நான் ஆக்ஸிஜன் தலையணையை மறுபடி நிரப்பி வந்தேன். அன்று இரவு முழுக்க அக்கா இருமினாள். மறுநாள் விடியும்போது வானம் துடைத்து வைத்த கண்ணாடிபோல் இருந்தது. குளிர் பல்லைக் கிட்டவைத்தது. விமானம் சீக்கிரமே வந்துவிட்டது. அதே விமானம், அதே மீசை. நேக்கதம் இந்தமுறை படியில் நிற்காமல் ஏறி, அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்து, தான் பின் ஜன்னலில் உட்கார்ந்தார்.

கீழே அவருடைய சாலை. முதலில் அதை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. ஆற்றோரம் கிடக்கிற சாம்பல் நூலைக் காட்டி, "அது என்ன, வாய்க்காலா?" என்று கேட்டார்.

"உங்க ரோடு, அத்தான்."

அவர் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். அப்புறம் அவர் பேச்செல்லாம் கண்ணாடியோடுதான். "அதோ பாலம்... அந்த வளைவுல போன வருஷம் டயர் வெடிச்சுது... அடேயப்பா, அவ்வளவுதானா அது? அங்கேருந்து இங்க வர எனக்கு ஒரு மணி நேரம் ஆகுமே!" அக்கரையில் ஒரு ஆப்கான் ஊர். பத்துப் பதினைந்து மண் வீடுகள். இருபது வருடமாகச் சாலையிலிருந்து அந்த ஊரைப் பார்த்திருக்கிறார். வீடுகளுக்குப் பின்னால் செங்குத்துப் பாறையில் ஒரு ஒற்றையடிப் பாதை ஏறி மறைந்துபோகும். அது எங்கே போகிறது என்று ஒவ்வொரு பயணத்திலும் யாரையாவது கேட்பாராம். இக்கரையில் யாருக்கும் தெரியாது. இப்போது அந்தப் பாதை பாறையின் தலைக்குமேல் போய் அகன்று திறந்தது. அங்கே ஒரு பெரிய சமவெளி, பனி மூடிய மேய்ச்சல் நிலம், கல் அடுக்கிய பட்டிகள், ஒரு உறைந்த ஏரி. ஏரியின் நடுவில் மட்டும் பனி உருகி வானத்தின் நிறம் தெரிந்தது.

"அடடா," என்றார். "இத வச்சுக்கிட்டுத்தான் அவங்க அங்க இருந்தாங்களா."

ஜன்னல் வந்தது. அன்றைக்கு அது விரியத் திறந்திருந்தது. இடதுபுறச் சரிவில் எங்கள் விமானத்தின் நிழல் சின்னச் சிலுவை மாதிரி பனிமேல் ஓடி வந்தது. பாறை நெருங்க நெருங்க நிழல் பெரிதானது. ஒரு கணம் அது எங்களைத் தொட்டுவிடும்போல் பக்கத்தில் வந்து, பிறகு தடாலென்று கீழே விழுந்து காணாமல் போனது. சரிவு முடிந்துவிட்டது. நாங்கள் அந்தப்பக்கம் வந்துவிட்டோம்.

அங்கே பார்த்ததை நான் எப்படிச் சொல்வது? அந்த வழியில் நான் முன்பும் ஓரிருமுறை பறந்திருக்கிறேன். அன்றைக்கு நேக்கதமின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுபோல் பார்த்ததில்லை. கிழக்கே கண்ணுக்கு எட்டியவரை சிகரங்கள். அதற்குப் பின்னாலும் சிகரங்கள். வெயில் பட்ட பக்கம் ரோஜா நிறம், படாத பக்கம் நீலம். பனியாறுகள் மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கின. ஒரு வீடு இல்லை, ஒரு புகை இல்லை, ஒரு பாதை இல்லை. மனிதன் என்று ஒருவன் உண்டா என்பதே தெரியாத இடம். அதெல்லாம் எங்கள் வீட்டுச் சுவருக்குப் பின்னால்தான் இத்தனை காலமாக இருந்திருக்கிறது.

ஆக்ஸிஜன் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்ப வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில நொடிகள் விட்டுவிட்டேன்.

நேக்கதம் என்னைப் பார்க்காமலே சொன்னார். "சவ்சன், நாம ஒரு வெடிப்புக்குள்ள குடியிருக்கோம்."

"என்ன?"

"சுவத்துல வெடிப்பு விழுமே. அதுக்குள்ள எறும்பு போகுமே. அதுல ஒண்ணு நான். அந்த வெடிப்பத்தான் மலைன்னு நினைச்சுக்கிட்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன்." அவர் குரல் வருத்தமாக இல்லை. குழந்தை பிறந்த செய்தியைச் சொல்ல வருகிறவர்களின் குரல் அப்படி இருக்கும். ஆஸ்பத்திரியில் நிறையக் கேட்டிருக்கிறேன். "எவ்வளவு பெருசு பாரு. எவ்வளவு பெருசு! இதுக்கு நடுவுல நம்மள விட்டு வச்சிருக்கானே."

பிறகு மலைகள் தணிந்தன, பழுப்பாயின, மண்மேடாயின. சமவெளியில் பச்சை தெரிந்தது. அங்கே வசந்தம் வந்துவிட்டிருந்தது. சக்கரம் தரையைத் தொட்டபோது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காதருகே வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இந்நேரம் நான் ருஷான்கூடத் தாண்டியிருக்க மாட்டேன்," என்றார். "முதல் டீகூடக் குடிச்சிருக்க மாட்டேன்."

துஷான்பேயில் இறங்கியதும் பழக்கத்தில் நேராகக் குழாயடிக்குப் போனார். சாலையில் வந்தால் முதல் வேலை அதுதான். முகம் கழுவினால் தண்ணீர் சேறாக ஓடும், அப்புறம்தான் மனிதரைப் பார்க்கலாம். அன்றைக்கு இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு கீழே பார்த்தார். தண்ணீர் தெளிவாகவே ஓடியது. மறுபடி அடித்தார், மறுபடி தெளிவு. என்னைப் பார்த்துக் கையை விரித்தார். ஊர் விட்டு ஊர் வந்ததற்கு அவர் உடம்பில் ஒரு அடையாளமும் இல்லை.

அறுவை சிகிச்சையைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். நீளமாக நடந்தது, நல்லபடியாக முடிந்தது. பழைய வால்வை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். காத்திருந்த நேரமெல்லாம் நேக்கதம் வராந்தாவில் ஒரே இடத்தில் நின்றார். டாக்டர் வந்து சொன்னபோது, அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "திரும்ப வேண்டிய இடம் எதுவும் வரலியே?" டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "வரலை அத்தான், நேரா போயிட்டாங்க," என்றேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

அக்கா தேற வேண்டியிருந்ததால் நானும் அவளும் அவளுடைய சிநேகிதி வீட்டில் தங்கினோம். நேக்கதம் சாலை திறந்ததும் ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு ஊருக்குப் போனார். வண்டி ஓட்ட வேண்டும், வீட்டில் மகள் இருக்கிறாள். வாரத்துக்கொருமுறை பயணிகளோடு வருவார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, போன முறை எங்கே பனி உருகியிருந்தது, எங்கே வாதுமை பூத்திருந்தது என்று சொல்வார். மே மாதத்தில் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். ஆனால் ஜீப்பில் கூடாது என்றார்.

"நானும் கூட பிளேன்ல வர்றேன்," என்றார் நேக்கதம்.

"வண்டிய யாரு கொண்டு வருவா? மிர்சோவா?" என்றாள் அக்கா.

"வேண்டாம். அவன் கிளட்ச்ச கொன்னுருவான்."

"அப்ப முந்தின நாளே கிளம்புங்க. நான் வரும்போது ஏர்போர்ட்டுல நிக்கணும். ஊரே பாக்க இறங்கணும் நான்."

"நிப்பேன். சட்டை மாத்திக்கிட்டு நிப்பேன்."

மறுநாள் காலைக்கு வானம் தெளிவாக இருக்கும் என்று சொன்னார்கள். அவர் முந்தின நாள் பொழுது விடியும்போதே ஏழு பயணிகளோடு கிளம்பினார். நடுராத்திரிக்குள் வீடு என்பது அவர் கணக்கு. ஆனால் பாதி வழியில் தர்வோஸ் பக்கத்தில் மழை. மலையிலிருந்து சேறும் கல்லும் ஓடி வந்து சாலையை மூடியிருந்தது. ராத்திரி முழுவதும் வண்டிகள் வரிசையாக நின்றன. அவரும் மற்ற டிரைவர்களும் கல்லைப் புரட்டிப் போட்டு வழி செய்தார்கள். விடிந்ததும் ஓட்ட ஆரம்பித்தவர் ருஷானை நெருங்கும்போது தலைக்குமேல் அந்த உறுமல் கேட்டது.

அதற்கப்புறம் நடந்ததை அவர் வண்டியில் வந்த ஹோரோக் பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி எனக்குச் சொன்னாள். நேக்கதம் நட்டநடு ரோட்டில் வண்டியை நிறுத்தினாராம். இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். "எல்லாரும் இறங்குங்க!" என்றார்.

"என்னாச்சு? டயரா?"

"என் பொண்டாட்டி வர்றா."

பயணிகள் முன்னும் பின்னும் பார்த்தார்கள். சாலையில் யாருமில்லை. அவர் மேலே கையைக் காட்டினார். இரண்டு சிகரங்களுக்கு நடுவிலிருந்து விமானம் வெளியே வந்துகொண்டிருந்தது. பள்ளத்தாக்குக்குள் இன்னும் வெயில் இறங்கவில்லை. மேலே அதன் இறக்கைகளில் மட்டும் வெயில் இருந்தது. ஏழு பேரும் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஆசிரியை தலைத்துணியை அவிழ்த்து ஆட்டினாளாம். நேக்கதம் கையை ஆட்டவில்லை. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, அது போகிற திசையில் மெதுவாகத் திரும்பிக்கொண்டே நின்றார். சத்தம் பாறைகளில் அடங்கும்வரை யாரும் வண்டியில் ஏறவில்லை.

"அதுக்குள்ளயா போறாங்க," என்று மட்டும் சொன்னாராம். "அந்தத் தக்கனூண்டு இடத்துலயா ஓதினாமோ உட்கார்ந்திருக்கா."

அதே நேரத்தில் மேலே நாங்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கீழே பார்த்தோம். ராத்திரியே அவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார் என்றுதான் நினைத்தோம். இருந்தாலும் அக்கா ஒவ்வொரு வளைவிலும் தேடினாள். சாம்பல் நூலில் ஒரு புள்ளி நின்றது. அது வண்டியா, பாறையா என்று தெரியவில்லை. கண் இமைப்பதற்குள் மலை அதை மறைத்துவிட்டது.

விமான நிலையத்தில் அவரைத் தவிர ஊரே நின்றது. அக்கா இறங்கிக் கூட்டத்தில் தேடினாள். சேற்றில் மாட்டிக்கொண்டார் என்று யாரோ சொன்னதும், "அவருக்கு என்னைக்குமே ரோடுதான் மூத்த சம்சாரம்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கண் மட்டும் ருஷான் பக்கமே இருந்தது.

அவர் வந்து சேர்ந்தபோது நாங்கள் வீட்டில் இரண்டாவது தடவை ஷிர்ச்சாய் போட்டு, பாலும் வெண்ணெயும் உப்பும் கலந்த அந்த டீயில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் நின்றார். தலையிலிருந்து கால்வரை சேறு. புருவத்தில்கூடச் சேறு. பல் மட்டும் வெள்ளை.

"சட்டை மாத்தல," என்றார்.

"தெரியுது," என்றாள் அக்கா. "எத்தனை மணி நேரம்?"

"முப்பதுக்கு மேல. உனக்கு?"

"முக்கால். டீகூட ஆறல."

அவர் உள்ளே வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். தான் பார்த்ததைச் சொல்ல வாயெடுத்தார். "ருஷான்ல நான் மேல பார்த்தேன் ஓதினாமோ. அந்த ஜன்னல் வழியா நீ வந்தே. வெயில்ல..." கையை உயர்த்தி, மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோனார். அப்படியே சுவரில் சாய்ந்தார். நான் அவருக்கு டீ ஊற்றிய கிண்ணம் நிறைவதற்குள் தூங்கிவிட்டார்.

நேக்கதம் இன்றைக்கும் அந்தச் சாலையில்தான் ஓட்டுகிறார். நரைத்துவிட்டது. விமானச் சத்தம் கேட்டுப் பயணிகள் நெளிய ஆரம்பித்தால் அவரே இறங்கி, மூட்டையை அவிழ்த்துக் கையில் கொடுத்து, "ஓடுங்க, ஜன்னல் சீட்டா பார்த்துக் கேளுங்க. வலதுபக்கம் உட்காராதீங்க, சூரியன் கண்ணுல அடிக்கும்," என்று அனுப்பிவைக்கிறாராம். மிர்சோ இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறான்.

சேற்றோடு வந்த அன்றைக்கு அவர் குறட்டை விட ஆரம்பித்ததும் மகள் கம்பளி கொண்டுவந்து போர்த்தினாள். அக்கா எழுந்தாள். நான் தடுப்பதற்குள் குனிந்து, சேறு காய்ந்து கல்லாகியிருந்த அவருடைய பூட்ஸ்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசல்வரை நடந்து, வெளியே தட்டி, வரிசையாக வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். நான் டீயை ஊற்றினேன்.